இயர் 12-இன் முதல் டெஸ்டில் டி, ஈ: டியூஷனா, பாட மாற்றமா, காத்திருப்பதா?

லண்டனில் இருக்கும் ஒரு தாயின் கேள்வி இது. மகன் ஜிசிஎஸ்இ-யில் (16 வயதில் எழுதும் பொதுத்தேர்வு, உச்ச மதிப்பு 9) கணிதம் 7, வேதியியல் 7, இயற்பியல் 8 எடுத்தான். செப்டம்பரில் வேறொரு சிக்ஸ்த் ஃபார்மில் (ஏ லெவல் தேர்வுக்கு இயர் 12, இயர் 13 என இரண்டு ஆண்டு படிக்கும் கல்லூரி) சேர்ந்தான். முதல் டெஸ்டில் கணிதத்தில் டி (D), வேதியியலில் ஈ (E); தேர்ச்சியில் கடைசி கிரேடே ஈ-தான். வாரத்தில் பாதி நேரம் "ஃப்ரீ பீரியட்" என்று வீட்டில்தான் இருக்கிறான். ஏதாவது கேட்டால் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். டியூஷன் போடலாமா, பாடத்தை மாற்றலாமா, கொஞ்ச நாள் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

நான் இங்கிலாந்தில் இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கணிதம் எடுப்பவன். கல்லூரியில் ஒரு டியூட்டர் குழுவுக்கும், அதாவது நலனைக் கவனிக்க என்னிடம் விட்டிருக்கும் ஒரு மாணவர் குழுவுக்கும், பொறுப்பாக இருக்கிறேன். அக்டோபர் வந்தால் இதே கேள்வியை வெவ்வேறு பெற்றோரிடமிருந்து கேட்பேன். என் பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் டியூஷன் வேண்டாம், பாட மாற்றமும் வேண்டாம். அதற்காகச் சும்மா விட்டுவிடவும் கூடாது. மகனிடம் இரண்டே பொருள்களைக் கேட்டு வாங்குங்கள்: திருத்திக் கொடுத்த டெஸ்ட் தாள், வாராந்தர டைம்டேபிள். உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அந்த இரண்டில் இருக்கிறது.

முதலில் அந்த 7-ஐப் பார்ப்போம். ஜிசிஎஸ்இ கணிதம் ஹையர் தாளில் (இரண்டு நிலைகளில் கடினமானது) 7 வாங்க நூற்றுக்குத் தொண்ணூறு எல்லாம் தேவையில்லை. 60-ஐ ஒட்டி எடுத்தாலே 7 கிடைத்துவிடும் ஆண்டுகள் உண்டு. அப்படியென்றால், 7 வாங்கிய பிள்ளை தாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விட்டிருக்கலாம். விட்டது எது? அநேகமாகக் கடைசிப் பக்கங்களில் வரும் கனமான இயற்கணிதம். ஏ லெவல் கணிதம் தொடங்குவதே அந்தக் கடைசிப் பக்கங்களில் இருந்துதான். அதனால் 7 என்பது நல்ல மதிப்பெண் என்பதும் உண்மை, ஏ லெவலுக்கு வேண்டிய அடித்தளத்தில் ஓட்டை இருக்கிறது என்பதும் உண்மை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காது.

ஒரு சின்ன உதாரணம். செப்டம்பரில் நாங்கள் வைக்கும் முதல் டெஸ்டில் இந்த மாதிரி ஒரு கணக்கு வரும்: 8-இன் அடுக்கு −2/3 என்றால் மதிப்பு என்ன? விடை 1/4. 8-இன் கனமூலம் 2, அதன் வர்க்கம் 4, அடுக்கில் குறைக்குறி இருப்பதால் அதைத் தலைகீழாக்கினால் 1/4. வகுப்பில் கணிசமானவர்கள் −4 என்று எழுதுவார்கள். அவர்களுக்கு மூளை இல்லை என்று அர்த்தமில்லை. கனமூலம் சரியாக எடுத்திருக்கிறார்கள், வர்க்கமும் சரி. அடுக்கில் இருக்கும் குறைக்குறி எண்ணின் குறியை மாற்றாது என்ற ஒரே ஒரு விதி மட்டும் உள்ளே இறங்கவில்லை. அந்த விதியை உட்கார்ந்து சரிசெய்ய இருபது நிமிடம் போதும். சரிசெய்யாமல் விட்டால், ஒரு மாதம் கழித்து கால்குலஸின் தொடக்கமான வகையிடல் வரும்போது ஒவ்வொரு கணக்கிலும் அதே இடத்தில் மதிப்பெண் போகும். அப்போது பிள்ளை "எனக்கு கால்குலஸ் வராது" என்பான். வராதது கால்குலஸ் இல்லை.

வேதியியலில் அடி வேறு மாதிரி விழும். ஜிசிஎஸ்இ-யில் எலக்ட்ரான்களை 2, 8, 8 என்று வட்டம் வட்டமாக அடுக்கி முழு மதிப்பெண் வாங்கியவர்களிடம், ஏ லெவல் தொடங்கிய சில வாரங்களிலேயே அந்தப் படம் போதாது என்று சொல்லி ஆர்பிட்டால்களைக் கொண்டுவருவார்கள். மோல் கணக்கும் அப்போதே வரும், இந்தத் தடவை கரைசல், வாயு, நீரேற்றம் எல்லாம் சேர்த்து. விளக்கம் எழுதும் கேள்விகளில் ஜிசிஎஸ்இ-யில் கைகொடுத்த பொதுவான வாக்கியங்களுக்கு இங்கே மதிப்பெண் விழாது. ஆகவே ஈ என்பது பல நல்ல மாணவர்களுக்கு முதல் டெஸ்டில் வரும் கிரேடுதான். பார்க்க வேண்டியது கிரேடை அல்ல, மதிப்பெண் எந்த எந்தக் கேள்வியில் போனது என்பதை.

தாளை எப்படிக் கேட்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. "எவ்வளவு?" என்று கேட்டால் கதவு மூடும். "தம்பி, அந்த கெமிஸ்ட்ரி தாளைக் கொஞ்சம் காட்டுறியா? மார்க் எனக்குத் தெரியும், அது வேண்டாம். எந்த இடத்துல போச்சுன்னு மட்டும் பார்ப்போம்" என்று கேட்டுப் பாருங்கள். "உங்களுக்குப் புரியாதும்மா" என்பான். "புரியாதுதான், நீ எனக்குச் சொல்லு" என்று உட்காருங்கள். உங்களுக்கு வேதியியல் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. தவறிய ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும் மூன்றில் ஒன்றை எழுதச் சொல்லுங்கள்: தெரியவில்லை, தெரியும் ஆனால் கவனக்குறைவு, நேரம் போதவில்லை. "தெரியவில்லை" என்பதெல்லாம் ஒரே தலைப்பில் குவிந்திருந்தால் உங்களுக்கு நிம்மதி, வேலை சின்னது. தாள் முழுக்கப் பரவியிருந்தால், அவன் பாடத்தோடு சேர்ந்து ஓடவில்லை என்று பொருள். அதற்கு டைம்டேபிளைப் பார்க்க வேண்டும்.

என் கண்ணில் உண்மையான பிரச்சினை இருக்கும் இடம் டைம்டேபிள்தான். ஜிசிஎஸ்இ காலத்தில் வாரம் சுமார் 25 மணி நேரம் வகுப்பு இருக்கும். ஒவ்வொரு மணியும் யாரோ ஒருவரின் கண் முன்னால் கழியும். ஏ லெவலில் மூன்று பாடம் எடுத்தால் வகுப்பு 13 முதல் 15 மணி நேரம்தான். கல்லூரி ஏமாற்றுவதாகப் பல பெற்றோர் நினைக்கிறார்கள். ஏமாற்று ஒன்றும் இல்லை. 16, 17 வயது முழுநேர மாணவருக்கு அரசு தரும் நிதியே ஆண்டுக்கு 580 மணி நேரத்தை அளவாக வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அதை 38 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்குப் பதினைந்து மணி சொச்சம் வரும். மீதியைப் பிள்ளை தானாகப் படித்து நிரப்ப வேண்டும் என்பதே இந்தப் படிப்பின் அமைப்பு. பல கல்லூரிகள் ஒவ்வொரு பாடத்துக்கும் வாரம் நான்கைந்து மணி நேரம் வகுப்புக்கு வெளியே படிக்கச் சொல்லும். வரவேற்புக் கூட்டத்தில் அதைச் சொல்லியும் இருப்பார்கள். பிள்ளையின் காதில் விழுந்தது "ஃப்ரீ" என்ற ஒரு சொல் மட்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 9 முதல் 10 வரை வேதியியல். அடுத்த வகுப்பு மதியம் 1.30-க்கு. இடையில் மூன்றரை மணி நேரம். முதல் அரை மணி காமன் ரூமில் அரட்டை. பிறகு நூலகம், லேப்டாப் திறந்திருக்கும், பக்கத்தில் ஃபோன். காலையில் எழுதிய நோட்ஸை நிறம் நிறமாக ஹைலைட் செய்வான். பார்ப்பவருக்கு மும்முரமாகப் படிப்பது போல இருக்கும், அவனுக்கும் அப்படித்தான் தோன்றும். 1.30 வகுப்புக்குப் போகும்போது காலைப் பாடத்தில் பாதி போயிருக்கும்.

வாசித்ததையே திரும்ப வாசிப்பதைப் பற்றி 2006-இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒரு முறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவில் இருப்பதை மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள், ஏறக்குறைய 83 சதவீதம், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் 40-க்கு இறங்கினார்கள், எழுதியவர்கள் 61-இல் நின்றார்கள். பிள்ளைகள் "படிச்சேன், தெரிஞ்சுது, டெஸ்ட்ல வரலை" என்று சொல்வது பொய்யல்ல. படித்த அன்று தெரிந்தது உண்மைதான்.

அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை இடைவெளியில் நான் மாணவர்களிடம் கேட்பது மிகக் கொஞ்சம். வகுப்பு முடிந்து வந்ததும் ஒரு வெள்ளைத்தாளை எடு. நோட்ஸைத் திறக்காமல் இன்றைய பாடத்தில் நினைவிருப்பதை எழுது. பிறகு நோட்ஸைத் திறந்து, விட்டதை வேறு நிறப் பேனாவில் சேர். அதே தலைப்பில் பழைய தேர்வுக் கேள்வி இரண்டைப் போட்டு, மதிப்பீட்டுக் குறிப்பை வைத்து நீயே திருத்து. நாற்பது, ஐம்பது நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு காமன் ரூமுக்குப் போகலாம், குற்றவுணர்வு வேண்டாம். இதை மூன்று பாடத்துக்கும் ஒழுங்காகச் செய்கிறவர்களுக்கு மாலையில் வீட்டில் உட்கார வேண்டிய நேரம் பாதியாகக் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, ஃபைல். சிரிக்காதீர்கள். பையைக் கவிழ்த்துப் பார்த்தால் மூன்று பாடத்தின் தாள்களும் ஒன்றாகக் கசங்கி, நடுவில் ஒரு பிஸ்கட் உறையோடு விழும். ஏ லெவலில் பாடப்புத்தகத்தைவிட ஆசிரியர் தரும் தாள்கள்தான் அதிகம். அவை இரண்டு ஆண்டு கழித்து நடக்கும் தேர்வுக்கும் வேண்டும். பாடத்துக்கு ஒரு லீவர் ஆர்ச் ஃபைல், தலைப்பு வாரியாகப் பிரிக்கும் அட்டைகள். வாங்கிக் கொடுப்பது உங்கள் வேலை, அடுக்குவது அவன் வேலை. ஞாயிற்றுக்கிழமை கால் மணி நேரம் இருவரும் மேசையில் உட்காருங்கள். அவன் தாள்களை அடுக்கட்டும், நீங்கள் அடுத்த வார டைம்டேபிளைப் பார்த்து "புதன்கிழமை இந்த இடைவெளியில என்ன பண்ணப் போற?" என்று மட்டும் கேளுங்கள். வாரத்தில் படிப்பைப் பற்றிய விசாரணை அவ்வளவே இருக்கட்டும். மற்ற ஆறு நாளும் தினமும் "படிச்சியா?" என்று கேட்பதால் படிப்பு கூடியதாக எனக்குத் தெரியவில்லை.

புரியாததை ஆசிரியரிடம் கேட்பதும் ஒரு பழக்கம்தான். நம் பிள்ளைகளுக்கு, அதிலும் புது இடத்தில், அது சுலபத்தில் வராது. பெரும்பாலான கல்லூரிகளில் மதிய இடைவேளையிலோ வகுப்பு முடிந்த பின்னரோ ஒவ்வொரு பாடத்துக்கும் உதவி நேரம் இருக்கும், பாதி நாற்காலிகள் காலியாகவே கிடக்கும். "சார், நேற்றைய மோல் கணக்கில் மூன்றாவது படி புரியவில்லை" என்று ஒரு வரி மின்னஞ்சல் போதும். முதல் மின்னஞ்சலை அவன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதவையுங்கள். நீங்களே அவனுக்காக எழுதிவிடாதீர்கள்.

இனி பாட மாற்றம். இங்கே காலக்கெடு இருப்பதால் தள்ளிப்போடவும் முடியாது. ஒரு மாணவர் ஆறு வாரம், அதாவது 42 நாள், படிப்பில் நிலைத்தால்தான் கல்லூரிக்கு அவருக்கான நிதி உறுதியாகும் என்பது விதி. அதனாலும், பாடம் வேகமாக ஓடிவிடும் என்பதாலும், பெரும்பாலான இடங்களில் செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடுப்பகுதிக்குள் பாட மாற்றத்துக்கான கதவை மூடிவிடுவார்கள். உங்கள் கல்லூரியில் கடைசித் தேதி எது என்று நாளையே கேளுங்கள். மாற்ற வேண்டும் என்பதற்காக அல்ல, எத்தனை நாள் கையில் இருக்கிறது என்று தெரிவதற்காக.

கிரேடு குறைந்ததை மட்டும் வைத்து மாற்றாதீர்கள். அவனிடம் கேட்க வேண்டியது, "இந்தப் பாடத்தின் வகுப்பில் உட்கார உனக்குப் பிடிச்சிருக்கா?" என்பது. பிடித்திருந்து மதிப்பெண் வரவில்லை என்றால் கிறிஸ்துமஸ் வரை பொறுக்கலாம். பிடிக்கவேயில்லை, உங்களுக்காக எடுத்தான் என்றால், இப்போது மாற்றுவது அடுத்த ஜூனில் அழுவதைவிட மேல். ஆனால் எந்த வழி மூடும் என்பதைத் தெரிந்துகொண்டு மாற்ற வேண்டும். வேதியியலை விட்டால் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் கைவிட்டுப் போகும். கணிதத்தை விட்டால் பொறியியலும், நல்ல இடங்களில் பொருளாதாரமும் போகும். இயற்பியல் 8 எடுத்த பையன் வேதியியலில் தத்தளிக்கிறான் என்றால், அவனுக்கு மருத்துவம் வேண்டுமா அல்லது வீட்டில் வேறு யாருக்காவது வேண்டுமா என்று நிதானமாகப் பேசிப் பாருங்கள். லண்டனில் நம் ஆட்கள் வாழும் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் எத்தனை வீடுகளில் இந்தப் பேச்சு இரண்டு ஆண்டு தாமதமாக நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நான்கு பாடம் எடுத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல்கலைக்கழகங்கள் இடம் தருவது மூன்று பாடத்தின் கிரேடை வைத்துத்தான். ஃபர்தர் மேத்ஸ் (கூடுதல் கணிதப் பாடம்) எடுப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நான்காவது பாடம் பெருமையைத் தாண்டி அதிகம் தருவதில்லை. தடுமாறும் பிள்ளைக்கு அதை விடச் சொல்வதுதான் மிகச் சுலபமான உதவி.

டியூஷன் பற்றி நான் கண்டிப்பானவன். அக்டோபர் கடைசியில் வரும் பருவ நடு விடுமுறைக்கு முன் டியூஷன் சேர்த்தால், பிள்ளை வகுப்பில் கவனிப்பதைக் குறைத்துக்கொள்கிறான். எப்படியும் சனிக்கிழமை ஒருவர் மறுபடி சொல்லித்தரப் போகிறாரே. அந்த ஃப்ரீ பீரியட் இன்னும் ஃப்ரீயாகிறது. நவம்பரிலும் ஒரே தலைப்பில் சிக்கியிருந்தால், அந்தத் தலைப்புக்கு மட்டும் நாலைந்து வாரத்துக்கு ஆள் பிடியுங்கள். முதல் பாடத்திலிருந்து எல்லாவற்றையும் நடத்துகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். திருத்திய டெஸ்ட் தாளைக் கொண்டுவரச் சொல்பவர் நல்ல ஆசிரியர்.

கதவைச் சாத்திக்கொள்வதற்கு வருவோம். பதினாறு வயதில் உடலின் உறக்கக் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகும், மெலடோனின் சுரப்பது தாமதமாகும். இரவு பதினொன்றரைக்கும் தூக்கம் வராமல் இருப்பது முழுக்கச் சோம்பேறித்தனமோ ஃபோனோ அல்ல. அதே சமயம் இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும். காலை 9 மணி வகுப்புக்கு ஒரு மணி நேரப் பயணம் என்றால் கணக்கு உதைக்கும். ஃபோனை இரவில் அறைக்கு வெளியே சார்ஜ் போடுவது என்ற விதி வீட்டில் எல்லோருக்கும், அப்பாவுக்கும் சேர்த்து, இருந்தால்தான் செல்லும்.

அதைவிடப் பெரியது தனிமை. ஐந்து ஆண்டு ஒரே பள்ளியில் இருந்தவன் புது இடத்துக்கு வந்திருக்கிறான். பழைய பள்ளியில் வகுப்பின் முதல் மூன்று பேரில் ஒருவனாக இருந்திருப்பான். இங்கே சுற்றியிருக்கும் எல்லோரும் அப்படி இருந்தவர்கள்தான். மதிப்பெண் குறைந்ததைவிட, தான் கெட்டிக்காரன் என்ற அடையாளம் போனதுதான் அவனுக்கு வலிக்கும். பெரியம்மா மகன் எத்தனை ஏ ஸ்டார் (உச்ச கிரேடு) எடுத்தான் என்று யாராவது விசேஷத்தில் ஆரம்பித்தால், பேச்சை மாற்றும் பொறுப்பு உங்களுடையது. நான் என் குழுவில் புதிதாக வந்தவர்களிடம் அக்டோபரில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன் "மதியம் யாரோட சாப்பிட்ட?" என்றுதான் கேட்பேன். இரண்டு பெயர் சொன்னால் எனக்குக் கவலை இல்லை. "வீட்டுக்குப் போய்ட்டேன் சார்" என்றால் அந்தப் பிள்ளையைக் கவனிக்கத் தொடங்குவேன். உங்கள் மகன் இடைவேளைகளில் வீட்டுக்கு வந்துவிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் டி, ஈ-யைவிட முக்கியமாகப் பட்டது. கல்லூரியிலேயே இருக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதைவிட, ஏதாவது ஒரு குழுவில், ஃபுட்பால், ரோபோடிக்ஸ், விவாதம், எதுவானாலும் சரி, சேர்வதற்கு ஒரு நாளை ஒதுக்கச் சொல்லுங்கள்.

இவை சாதாரணத் தடுமாற்றங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்தாலோ, வகுப்புக்கே போகாமல் இருந்தாலோ, தன்னைப் பற்றிக் கேவலமாகப் பேசினாலோ, கிரேடைப் பற்றிய பேச்சை அப்படியே நிறுத்திவிடுங்கள். கல்லூரியில் டியூட்டரிடமும் மாணவர் நலப் பிரிவிலும் சொல்லுங்கள், ஜிபி-யிடம் (குடும்ப மருத்துவர்) அழைத்துப் போங்கள். இங்கிலாந்தில் 16 வயது ஆனவர் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம், மருத்துவர் அவனைத் தனியாகப் பார்க்க விரும்பலாம். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் சொல்லாததை அங்கே சொல்வான். மனநல நெருக்கடி என்றால் 111-ஐ அழைத்து 2-ஐத் தேர்ந்தெடுக்கலாம், எந்த நேரமும் ஆள் இருப்பார்கள். அவன் தானே யாரிடமாவது பேச விரும்பினால் சைல்ட்லைன் 0800 1111, கட்டணம் கிடையாது. உயிருக்கு ஆபத்து என்றால் 999.

பகுதிநேர வேலை பற்றியும் பலர் கேட்பார்கள். சனிக்கிழமை ஒரு ஷிஃப்ட் போவது படிப்பைக் கெடுக்காது, சில பிள்ளைகளுக்கு நேரத்தின் அருமையே அங்கேதான் தெரிகிறது. வாரநாள் இரவு ஷிஃப்ட் கெடுக்கும்.

"இயர் 12 மதிப்பெண் கணக்கில் வராதாமே" என்று அவன் உங்களிடம் சொல்லியிருப்பான். பாதி உண்மை. இங்கிலாந்தில் ஏ லெவல் தேர்வு முழுவதும் இயர் 13 முடிவில்தான். வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் நிலைமை வேறு, அங்கே முதல் ஆண்டின் ஏஎஸ் தேர்வு இறுதி மதிப்பெண்ணில் 40 சதவீதம். ஸ்காட்லாந்தின் ஹையர் முறை தனி. ஆனால் இங்கிலாந்திலும் இயர் 12 கடைசியில், பெரும்பாலும் ஜூனில், உள்தேர்வு நடக்கும். ஆசிரியர்கள் யூகாஸ் (பல்கலைக்கழகச் சேர்க்கை) விண்ணப்பத்துக்குத் தரும் எதிர்பார்ப்பு கிரேடுக்கு அதுதான் பெரிய ஆதாரம். பல்கலைக்கழகங்கள் முதலில் பார்ப்பது அந்தக் கிரேடை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம், பல் மருத்துவம் ஆகியவற்றுக்கு இயர் 13-இன் அக்டோபர் 15-இலேயே விண்ணப்பம் முடிந்துவிடும், மற்றவற்றுக்கு ஜனவரி. மருத்துவத்துக்கான யூகேட் தேர்வோ இயர் 12 முடிந்த கோடையில் வரும். ஆக, நீங்கள் கண் வைக்க வேண்டிய தேதி இந்த அக்டோபர் டெஸ்ட் அல்ல, அடுத்த ஜூன். நடுவில் எட்டு மாதம் இருக்கிறது, டி-யிலிருந்து பி-க்கு வர அது போதுமான காலம். ஏ வரைக்கும் போனவர்களும் உண்டு, அவர்கள் எல்லோருமே அந்த அடித்தள ஓட்டைகளைக் கிறிஸ்துமஸுக்குள் அடைத்தவர்கள்.

ஏ லெவல் அவனுக்கு ஒத்துவராது என்று பின்னால் முடிவானாலும் வழி அடைபடாது. இங்கிலாந்தில் 18 வயது வரை படிப்பிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்பது சட்டம், ஆனால் அது ஏ லெவலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2020-இல் தொடங்கிய டி லெவல் (T Level) இரண்டாண்டுத் தொழிற்கல்விப் படிப்பு, குறைந்தது 45 நாள் நிறுவனத்தில் வேலைப் பயிற்சியும் உண்டு, யூகாஸ் புள்ளிகளில் மூன்று ஏ லெவலுக்குச் சமம். வேலை செய்துகொண்டே கற்கும் அப்ரெண்டிஸ்ஷிப் சம்பளத்தோடு வருகிறது. இவற்றைத் தோல்விக்கான ஒதுக்குப்புறமாகப் பார்க்கும் வழக்கத்தை நம் ஆட்கள் விட வேண்டும் என்பது என் கருத்து. ஜிசிஎஸ்இ ஆங்கிலத்திலோ கணிதத்திலோ 4-க்குக் கீழே வாங்கியவர்கள் எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் அதைத் தொடர்ந்து படித்தாக வேண்டும். அவர்களுக்கு நவம்பரில் ஒரு மறுதேர்வு உண்டு, கல்லூரி அதற்குப் பிள்ளையின் பெயரைப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பணம், தாள் வேலை. சைல்ட் பெனிஃபிட் (பிள்ளைக்காக அரசு தரும் உதவித்தொகை), 16 வயது முடிந்ததற்குப் பின்வரும் ஆகஸ்ட் 31-உடன் நின்றுவிடும், படிப்பு தொடர்கிறது என்று நீங்கள் வரித்துறையான எச்எம்ஆர்சி-க்குச் சொல்லாவிட்டால். சொன்னால் தகுதியுள்ள படிப்பில் இருக்கும் வரை, 20 வயதுக்குள், தொடரும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கல்லூரியே தரும் 16–19 பர்சரி (உதவித்தொகை) உண்டு, பயணச் செலவு, புத்தகம், உபகரணம் ஆகியவற்றுக்கு. கேட்டால்தான் கிடைக்கும், வெட்கப்படாதீர்கள். லண்டனில் வசிப்பவர் என்றால் 16+ ஜிப் பயண அட்டைக்கு விண்ணப்பித்தால் பஸ்ஸும் டிராமும் இலவசம். பள்ளியில் கூடுதல் நேரம் போன்ற தேர்வுச் சலுகை பெற்றிருந்த பிள்ளை புது இடத்துக்கு வந்தால் அது தானாகக் கூடவே வராது. கல்லூரியின் சிறப்புத் தேவைப் பிரிவில் முதல் பருவத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, விசாவில் இருக்கும் குடும்பங்கள். சிக்ஸ்த் ஃபார்மில் யாரும் இதைப் பற்றிப் பேசமாட்டார்கள், பிறகு இயர் 13-இல் இடி விழும். பல்கலைக்கழகத்தில் உள்நாட்டுக் கட்டணம் பெற, பொதுவாகப் படிப்பு தொடங்கும் நாளில் பிரிட்டிஷ் குடியுரிமையோ ஐஎல்ஆர் எனப்படும் காலவரையற்ற குடியிருப்பு அனுமதியோ இருக்க வேண்டும், அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் இங்கே வசித்திருக்கவும் வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் வேலை விசாவில் பெற்றோரோடு வந்த பல பிள்ளைகள் வெளிநாட்டு மாணவர் கட்டணத்தில் மாட்டுகிறார்கள். 2025–26-இல் இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவருக்கு உச்சவரம்பு ஆண்டுக்கு £9,535. வெளிநாட்டு மாணவர் கட்டணம் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு, மருத்துவம் என்றால் அதற்கும் மேல். உங்கள் ஐஎல்ஆர் எந்த மாதம் வரும், மகனின் பல்கலைக்கழகம் எந்த செப்டம்பரில் தொடங்கும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் சில மாதமே குறைகிறது என்றால், இடத்தை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று விண்ணப்பிக்கும் முன்பே அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள்.